குழந்தைக்கு ஏன் இத்தனை ஸ்கேன்? பெட் ஸ்கேன் ஒன்று போதாதா?

கேள்வி – 3 பிப்ரவரி 2024

அண்ணா, பையனுக்கு இரண்டரை வயது. வயிற்றில் கட்டி என்கிறார்கள். பத்தே நாளில் அல்ட்ராசவுண்டு, சி.டி. இரண்டும் எடுத்தாகிவிட்டது. இப்போது எம்.ஐ.பி.ஜி. ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எலும்பு மஜ்ஜை டெஸ்ட் வேறு. பெட் ஸ்கேன் ஒன்று எடுத்தால் தலையிலிருந்து கால்வரை எல்லாம் தெரிந்துவிடும், காசு பிடுங்கத்தான் ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள் என்கிறான் என் மச்சான். உண்மையா?

3 பிப்ரவரி, இரவு 11.10

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் இல்லை. 19 வருஷமாக சி.டி., எம்.ஆர்.ஐ. எடுக்கிற டெக்னீஷியன். அதனால் நான் சொல்வதை உங்கள் டாக்டரிடம் கேள்வி கேட்கப் பயன்படுத்து, பதிலாக எடுத்துக்கொள்ளாதே.

மச்சான் சொல்வது தப்பு. காசு பிடுங்குகிற இடங்களே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் நீ எழுதியிருக்கும் வரிசை சரியான வரிசை. ஒவ்வொரு ஸ்கேனும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் சொல்லும். கட்டி எந்த உறுப்பில் இருக்கிறது, உள்ளே தண்ணீரா சதையா என்று அல்ட்ராசவுண்டு சொல்லும். அதற்கு மயக்கமும் வேண்டாம், கதிர்வீச்சும் கிடையாது. எவ்வளவு பெரிது, எந்த ரத்தக்குழாயைச் சுற்றியிருக்கிறது, ஆபரேஷனில் எடுக்க முடியுமா என்பதெல்லாம் சி.டி.யில் தெரியும். எம்.ஐ.பி.ஜி.க்கு ஒரே ஒரு கேள்விதான்: இந்த வகைக் கட்டி உடம்பில் வேறு எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது?

எம்.ஐ.பி.ஜி. எழுதியிருக்கிறார்கள் என்றால் நியூரோபிளாஸ்டோமா என்று சந்தேகப்படுகிறார்கள். சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலோ, முதுகெலும்பை ஒட்டி ஓடும் நரம்புக் கணுக்களிலோ வருகிற கட்டி. அந்தச் செல்கள் அட்ரினலின் ஜாதிப் பொருளை இழுத்து வைத்துக்கொள்ளும். அதே ஜாடையில் ஒரு மருந்து செய்து அதில் கதிரியக்க அயோடினைக் கட்டி ஊசியாகப் போடுகிறார்கள். கட்டி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். கேமராவில் அந்த இடங்கள் மட்டும் தெரியும். பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்கு இப்படி ஒட்டும். ஒட்டாத அந்த ஒருவருக்குத்தான் உன் மச்சானின் பெட்.

4 பிப்ரவரி, காலை 6.30

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் முக்கியமான இரண்டை விட்டுவிட்டேன்.

ஒன்று, ஊசிக்கு முன்னாலேயே அயோடின் சொட்டு மருந்து தருவார்கள். கழுத்திலுள்ள தைராய்டு அந்தக் கதிரியக்க அயோடினைக் குடித்துவிடாமல் இருக்க, சாதா அயோடினால் அதன் வயிற்றை முன்கூட்டியே நிரப்பி வைக்கிற வேலை. வாயில் வைக்க முடியாத ருசி, பையன் துப்புவான். துப்பினால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, சளி மருந்து. மூக்கடைப்புக்குத் தருகிற சில சிரப்பும் சொட்டு மருந்தும் அந்த எம்.ஐ.பி.ஜி.யைக் கட்டியில் ஒட்டவிடாது. பிப்ரவரி மாதம், எல்லாப் பிள்ளைக்கும் மூக்கு ஒழுகும், பாட்டி ஒரு மூடி ஊற்றிவிடுவார். கொடுத்த மருந்தையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டு.

ஊசி போட்ட அன்று பெரிதாக ஒன்றும் இருக்காது, படம் மறுநாள்தான். அந்தக் கேமராவுக்கு அடியில் நெடுநேரம் அசையாமல் படுக்க வேண்டும், இரண்டரை வயதுக்கு அது நடக்காது, தூங்க வைப்பார்கள்.

4 பிப்ரவரி, மதியம்

மேலே ஒருவர் "வில்ம்ஸ் கட்டியும் வயிற்றில்தானே வரும், அதற்கு ஏன் இதெல்லாம் எடுப்பதில்லை" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, எனக்குக் கொஞ்சம் நெருக்கமான கேள்வியும்கூட.

வில்ம்ஸ் சிறுநீரகத்துக்குள்ளேயே முளைக்கும். மாக்ஸ் வில்ம்ஸ் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1899இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார், அவர் பெயரே நின்றுவிட்டது. சி.டி.யில் பார்த்தால் மிச்சமிருக்கிற சிறுநீரகம் நண்டுக் கொடுக்கு மாதிரி கட்டியை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டிருக்கும். நியூரோபிளாஸ்டோமா வெளியிலிருந்து சிறுநீரகத்தைத் தள்ளும், நடுக்கோட்டைத் தாண்டிப் போய் மகாதமனியைச் சுற்றிக்கொள்ளும், உள்ளே பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் இருக்கும். குழந்தையைப் பார்த்தாலே ஓரளவு தெரியும் என்பார் எங்கள் பழைய ரேடியாலஜி டாக்டர். வில்ம்ஸ் பிள்ளை வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஓடி விளையாடும். நியூரோபிளாஸ்டோமா பிள்ளை சிணுங்கும், கால் வலி என்று நடக்க மறுக்கும், சில சமயம் கண்ணைச் சுற்றிக் கன்னிப்போயிருக்கும். எப்போதும் இப்படியே இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

பரவுகிற வழியும் வேறு. வில்ம்ஸ் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும், அதனால் நெஞ்சுக்கும் சி.டி. நியூரோபிளாஸ்டோமா எலும்புக்கும் மஜ்ஜைக்கும் போகும், அதனால் எம்.ஐ.பி.ஜி.யும் மஜ்ஜை ஊசியும். திருடன் எந்தத் தெரு வழியாக ஓடுவான் என்று தெரிந்த போலீஸ் அந்தத் தெருவில்தானே நிற்கும்.

4 பிப்ரவரி, இரவு

நெருக்கமான கேள்வி என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன்.

2016இல் என் தங்கை மகளுக்கு மூன்று வயது. குளிப்பாட்டும்போது சோப்பு போட்ட கை வலது விலாவுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போய் ஏதோ கெட்டியாக முட்டியதாம். தேங்காய் மூடி கவிழ்த்த மாதிரி என்றாள். ஒரு மாதம் முன்பே வயிறு உப்பியிருக்கிறது என்று பக்கத்து டாக்டரிடம் காட்டி, பூச்சி மருந்து கொடுத்திருந்தார்கள். எனக்கு போன் வந்து நான் போவதற்குள் வீட்டில் இருந்த ஏழெட்டுப் பேரும் அமுக்கிப் பார்த்தாகிவிட்டது. நானும் அமுக்கினேன். 11 வருஷ அனுபவம் இருந்தும்! மறுநாள் அல்ட்ராசவுண்டு அறையில் ரேடியாலஜி டாக்டர் திரையைப் பார்த்தவர் சட்டென்று கையை எடுத்துவிட்டு, "இனி இந்த வயிற்றை யாரும் தொடக் கூடாது" என்றார். அந்தக் கட்டி மெல்லிய உறைக்குள் இருக்கும், உள்ளேயே உடைந்தால் ஸ்டேஜ் ஏறிவிடும். சிறுநீரக ரத்தக்குழாய்க்குள் கட்டி வால் நீட்டியிருக்கிறதா என்று ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் வெகு நேரம் தேடினார். இல்லை.

சி.டி. எங்கள் இடத்திலேயே எடுத்தோம். நான் ஒதுங்கியிருக்க வேண்டும். ஒதுங்கவில்லை, வேறு யாரும் என் மருமகளை மேஜையில் படுக்க வைப்பது பிடிக்கவில்லை. தூங்குவதற்கு ஊசி போட்டார்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கும்போது, டாக்டர் வருவதற்கு முன்னால், நுரையீரலின் அடிப்பக்கத்தில் முதுகை ஒட்டி இரண்டு வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கை நின்றுகொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

5 பிப்ரவரி

வேலை நடுவில் எழுதுகிறேன், சுருக்கமாக. "புள்ளி என்ன ஆச்சு" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சாயங்காலம்.

5 பிப்ரவரி, இரவு 9.45

நுரையீரலில் புள்ளி என்றால் வில்ம்ஸில் ஸ்டேஜ் 4. கூடுதல் மருந்து, நெஞ்சுக்குக் கதிர்வீச்சு வரைக்கும் பேச்சு போகும். முதல் ரிப்போர்ட்டில் "பரவல் இருக்கலாம்" என்றுதான் வந்தது.

மறுநாள் குழந்தைகள் புற்றுநோய் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "மயக்கத்திலா எடுத்தீர்கள்? மூச்சு பிடிக்க வைத்தீர்களா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மயக்கத்தில் மல்லாக்கப் படுத்திருக்கும் குழந்தைக்கு நுரையீரலின் பின்பகுதி காற்றில்லாமல் சுருங்கிப்போகும், சில நிமிடங்களே போதும். சுருங்கின இடம் படத்தில் வெள்ளையாகத் தெரியும், கட்டி மாதிரியே நடிக்கும், நிஜக் கட்டி இருந்தால் அதை மறைக்கவும் செய்யும். இதைத் தவிர்க்க மயக்க மருத்துவர் காற்றை நன்றாக உள்ளே தள்ளி நுரையீரலை விரித்துக் கொடுக்க, அந்த நொடியில் நெஞ்சை எடுக்க வேண்டும். நெஞ்சை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் வயிறு. எனக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. அன்றைக்கு நான் டெக்னீஷியனாக இல்லாமல் மாமாவாக நின்றேன், அதுதான் தப்பு.

வேறு இடத்தில் நெஞ்சு மட்டும் மறுபடி எடுத்தார்கள், மயக்கமே இல்லாமல், தங்கை மடியில் தூங்கவைத்துச் சாய்த்துப் படுக்க வைத்து, புது மெஷின், இரண்டு நொடி. ஒரு புள்ளி காணாமலே போய்விட்டது. இன்னொன்று கோடாகத் தேய்ந்திருந்தது. பரவல் இல்லை என்று எழுதினார்கள்.

என் கவனக்குறைவால் அந்தப் பிஞ்சு உடம்புக்கு ஒரு சி.டி. கூடுதல். அதைவிடக் கட்டை விரல் விஷயம்தான் இன்னும் உறுத்துகிறது. தங்கை இதுவரை அதைப் பற்றிக் கேட்டதே இல்லை.

6 பிப்ரவரி

திருத்தம். "உடைந்தால் ஸ்டேஜ் ஏறிவிடும், புள்ளி இருந்தால் ஸ்டேஜ் 4" என்றெல்லாம் நான் எழுதியதைப் படித்தால் ஸ்கேனே ஸ்டேஜ் போட்டுவிடும் என்று தோன்றும். அப்படி இல்லை. வில்ம்ஸில் பரவல் உண்டா, இரண்டு பக்கமும் உண்டா என்பதைத்தான் ஸ்கேன் சொல்லும். 1, 2, 3 எது என்பது கட்டியை எடுத்து, ஓரங்களிலும் பக்கத்து நெறிக்கட்டிகளிலும் செல் இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான். அமெரிக்க முறையில் பெரும்பாலும் முதலில் ஆபரேஷன். ஐரோப்பிய முறையில் முதலில் சில வாரம் கீமோ, கட்டி சுருங்கிக் கெட்டியான பிறகு ஆபரேஷன். எங்கள் குட்டிக்கு இரண்டாவது முறை. ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டேஜ் 2 என்று வந்தது.

இன்னொன்று. வில்ம்ஸில் ஸ்டேஜ் 5 என்று ஒன்று உண்டு, அதைக் கேட்டதும் நாலுக்கு மேல் ஐந்து, முடிந்தது கதை என்று அழுதுகொண்டு வெளியே வந்த தாத்தா ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அது இரண்டு சிறுநீரகத்திலும் கட்டி என்பதற்கான எண், அவ்வளவுதான்.

எண்களின் குழப்பம் இதோடு முடியவில்லை. நெறிக்கட்டிகளில் வருகிற ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற புற்றுக்கு பெட் எடுத்தால் ரிப்போர்ட்டில் "தோவில் 4" என்று ஏதாவது வரும். தோவில் பிரான்ஸில் ஒரு கடற்கரை ஊர், 2009இல் அங்கே டாக்டர்கள் கூடி 1 முதல் 5 வரை ஒரு கணக்கு போட்டார்கள். மருந்துக்குப் பிறகு மிச்சமிருக்கும் கட்டி நம் கல்லீரலைவிட அதிகம் ஒளிர்கிறதா குறைவா என்பதுதான் கணக்கு. அதற்கும் ஸ்டேஜுக்கும் சம்பந்தமே இல்லை. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கி எண்ணை மட்டும் பார்க்கிற சித்தப்பாக்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

6 பிப்ரவரி, மாலை

"பெட்டில் ஒளிர்ந்தால் கேன்சர்தானே" – இல்லை. பெட் ஊசி என்பது கதிரியக்கம் ஏற்றிய ஒருவிதச் சர்க்கரை. யார் அதிகம் சர்க்கரை தின்கிறார்களோ அவர்கள் ஒளிர்வார்கள். மூளை எப்போதும் தின்னும், அதனால் மூளைக்கட்டிக்கு இந்தப் பெட் முதல் ஆயுதம் இல்லை, எம்.ஆர்.ஐ.தான். காசநோய் நெறிக்கட்டி ஜோராக ஒளிரும், நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. குளிர்ந்த அறையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைக்குக் கழுத்திலும் தோளிலும் உள்ள பழுப்புக் கொழுப்பு ஒளிரும், அதனால்தான் ஊசிக்கு முன்பே கம்பளி போர்த்தி விடுகிறார்கள். கீமோ முடிந்த பிள்ளைக்கு நெஞ்சுக்குள் தைமஸ் சுரப்பி மறுபடி வளர்ந்து ஒளிர்ந்து எல்லோரையும் ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்யும். ஆகவே பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து ஒரு துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. எந்த ஸ்கேனும் பயாப்சிக்குப் பதில் ஆகாது.

அப்படியானால் சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து செத்துவிடுமா என்று கேட்காதீர்கள், கேட்டாகிவிட்டது, எனக்குத் தனியாக இரண்டு பேர். கட்டி சாகாது, பிள்ளைதான் மெலியும்.

8 பிப்ரவரி

மயக்கம் பற்றி நிறையப் பயம் தெரிகிறது. ஸ்கேன் மயக்கத்தில் பெரும்பாலான நாள் ஒன்றுமே நடக்காது. சோறு, இட்லி, பிஸ்கட் 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும், தாய்ப்பால் 4 மணி நேரம். வெறும் தண்ணீருக்கு நேரம் இன்னும் குறைவு, அந்த ஆஸ்பத்திரி சொல்வதைக் கேளுங்கள். பிள்ளை அழுகிறதே என்று முந்தானைக்குள் வைத்து ஒரு பிஸ்கட் ஊட்டிவிட்டு எங்களிடம் இல்லை என்று சொன்ன அம்மாக்கள் உண்டு. வாந்தி நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று யாரும் அவர்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட பச்சைக் குழந்தை என்றால் மயக்கமே பெரும்பாலும் வேண்டாம். வயிறு முட்டப் பால் கொடுத்து, துணியில் இறுக்கச் சுற்றி, காதை மூடிவிட்டால் எம்.ஆர்.ஐ. சத்தத்திலும் தூங்கும்.

பயப்பட வேண்டிய ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். 11 வயதுப் பையன், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று வந்தான். படுடா என்றால் படுக்க மாட்டேன் என்கிறான். அடம் என்று நினைத்தோம். ஒரு வாரமாகத் தலையணை அடுக்கி உட்கார்ந்தே தூங்குகிறான் என்று அவன் அம்மா சொன்னதும் மயக்க மருத்துவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் மூச்சுக்குழாய்க்கு முன்னால் பாதி நெஞ்சை அடைத்துக்கொண்டு கட்டி. மயக்கம் கொடுத்து மல்லாத்தியிருந்தால் அந்தக் கட்டியின் கனமே மூச்சை நிறுத்தியிருக்கும். இவ்வளவு மெஷின் இருந்தும் அன்றைக்கு அவனைக் காப்பாற்றியது ஒரு சாதா எக்ஸ்ரேயும் அவன் அம்மா சொன்ன ஒரு வரியும்தான். உங்கள் பிள்ளை படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றால் யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

9 பிப்ரவரி

கதிர்வீச்சு. ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார், "ஸ்கேன் எடுத்து எடுத்தே இன்னொரு கேன்சர் வரவைக்கிறீர்கள்" என்று. கோபம் புரிகிறது. சின்ன வயதில் சி.டி. எடுத்த ஏறக்குறைய 1.8 லட்சம் பேரைப் பின்தொடர்ந்து பிரிட்டனில் 2012இல் ஒரு ஆய்வு வந்தது. பத்து வயதுக்குள் பிள்ளைகளுக்கு எடுத்த 10,000 தலை சி.டி.க்கு, அடுத்த பத்து வருஷத்தில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றும் ஒரு மூளைக்கட்டியும் என்று கணக்குப் போட்டார்கள். சும்மா விழுந்து தலையில் வீங்கியதற்கெல்லாம் சி.டி. எடுக்கக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம். வயிற்றில் தேங்காய் அளவு கட்டி இருக்கும் பிள்ளைக்கு எடுக்காமல் இருப்பதற்கு இது காரணம் ஆகாது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஒப்புக்கொள்கிறேன், பெரியவர்களுக்கு வைக்கிற அளவையே பிள்ளைகளுக்கும் வைத்துத் தட்டினோம். படம் பளிச்சென்று வரும், டாக்டர் பாராட்டுவார். 2008இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு டோஸைக் குறைக்கச் சொல்லி ஒரு இயக்கம் தொடங்கி, அந்தச் சுவரொட்டி சில வருஷம் கழித்து எங்கள் அறைக்கும் வந்தது. இப்போது எடையைக் கேட்காமல் பட்டனைத் தொடுவதில்லை.

கண்ணில் வருகிற ரெட்டினோபிளாஸ்டோமாவுக்கு முடிந்தவரை சி.டி.யே வேண்டாம் என்று எம்.ஆர்.ஐ. எடுப்பதும் இதனால்தான். பரம்பரையாக அந்த ஜீன் பழுதோடு பிறந்த பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சு இன்னும் ஆகாது. (செல்போன் ஃபிளாஷில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் வந்தால் கேமரா கோளாறு என்று விடாதீர்கள், கண் டாக்டரிடம் காட்டுங்கள்.)

14 பிப்ரவரி

தம்பி, ரிப்போர்ட் அனுப்பியிருந்தாய். உன் டாக்டரிடம் பேசிவிட்டேன் என்றும் சொன்னதால் எழுதுகிறேன். கட்டி எம்.ஐ.பி.ஜி.யை இழுத்திருக்கிறது, எலும்பில் எங்கும் இல்லை, மஜ்ஜையும் சுத்தம். "எல்2" என்று போட்டிருப்பது: கட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆனால் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றியிருப்பதால் உடனே கத்தி வைப்பது ஆபத்து. சுற்றாமல் இருந்தால் எல்1, தூரத்துக்குப் பரவியிருந்தால் எம். எம்.எஸ். என்று நாலாவதாக ஒன்று உண்டு, ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, பரவல் தோலிலும் கல்லீரலிலும் மஜ்ஜையிலும் மட்டும் இருந்தால். அதில் பல கட்டிகள் தானாகவே சுருங்கிப்போகும். நானே ஒரு குழந்தையின் கல்லீரலை மூன்று முறை எடுத்து, ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன், மருந்து ஏதும் கொடுக்காமலே. இது உன் பையனுக்குப் பொருந்தாது, ஆசைப்படாதே. பயாப்சியில் ஜீன் டெஸ்ட்டும் பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்வார்கள்.

மச்சானிடம் சண்டைக்குப் போகாதே. ராத்திரி வண்டி ஓட்டி உங்களைக் கொண்டுபோய் விட்டவனும் அவன்தானே.

15 பிப்ரவரி

கடைசியாக ஒரு காரியம். ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வராதே, படங்களை டிஸ்க்கில் கேட்டு வாங்கு, எத்தனை முறை அலைய வைத்தாலும் வாங்கு. கீமோவுக்குப் பிறகு அடுத்த ஸ்கேன் எடுக்கும்போது பழையதோடு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக ஒப்பிட ஃபிலிம் போதாது. தங்கை வீட்டில் எல்லாக் கவர்களையும் பீரோ மேல் அடுக்கி வைத்திருந்தார்கள், ஓட்டு வீட்டுச் சூட்டில் ஃபிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் உரிந்துவந்தது. அந்த இரண்டு புள்ளி இருந்த படமும் அதில் போய்விட்டது. டிஸ்க்கை இரண்டு காப்பி எடுத்து, ஒன்றை மச்சானிடம் கொடுத்து வை.